மெலிந்த லாபம்

அய்யாக்குட்டியைப் போலக் கூட்டல் போடுகிறவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ரூபாய், அணா, பைசா என்று ஒரு முழ நீளத்துக்கு எண்களை அடுக்கிக் கொடுத்தால் மேலிருந்து கீழே ஒரே பார்வை, பல்லி பூச்சியைப் பார்க்கிற பார்வை. கண் கீழே வந்து சேரும்போது விடை வாயில் இருக்கும். ஒருநாள் அவன் ஒரு கப்பலின் சரக்குச் சிட்டையைக் கூட்டிய வேகத்தில் ஆபீஸ் மின்விசிறி வெட்கப்பட்டு நின்றுவிட்டது. அப்போது கரண்டும் போயிருந்தது என்று சில பொறாமைக்காரர்கள் சொல்லுவார்கள்.

அப்பேர்ப்பட்டவன் சர்க்கார் அக்கவுண்டன்சி ஹையர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டான். கூட்டலே ஒழுங்காக வராத நான்கூட லோயர் பாஸ் பண்ணிவிட்டு, அவனோடு சேர்ந்து ஹையருக்கு உட்காரத் தயாராகிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நாங்கள் இருவரும் தூத்துக்குடி பீச் ரோட்டில் ராஜதுரை அன் கோ என்ற கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தாக்கள். தங்கியிருந்ததும் ஒரே அறையில். அவன் சாத்தான்குளத்துக் கருப்பட்டிக் கடை வன்னியபெருமாள் அண்ணாச்சியின் ஒரே மகன். நான் தென்திருப்பேரையிலிருந்து வந்த ரங்கு.

தூத்துக்குடியில் அந்நாளில் பெரிய கப்பல் எதுவும் கரையை ஒட்டி வராது. ஆழம் போதாது. நாலைந்து மைல் தள்ளி, புதுமாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில் போகும். காகிதங்களை எடுத்துக்கொண்டு காப்டனிடம் கையெழுத்து வாங்க எங்கள் ஆபீஸிலிருந்து லாஞ்சு என்கிற ஒரு மோட்டார் படகு போகும். அதில் உட்கார்ந்து போகிற பாக்கியவான் அசிஸ்டெண்ட் அக்கவுண்டண்ட். அந்த வேலையில் இருந்தவர் கொழும்புக்குப் போய்விட, நாற்காலி காலியானது. முதலாளி ராஜதுரை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "ஹையர் பாஸ் பண்ணினவனுக்குத்தான் லாஞ்சு."

அய்யாக்குட்டிக்கு அந்த லாஞ்சின் மேல் இருந்த பைத்தியத்தை எப்படிச் சொல்லுவது? அதன் எஞ்சின் சத்தம் கேட்டால் சோற்றுக் கை வாய்க்குப் போகாமல் நடுவில் நிற்கும். "வே ரங்கு, வெள்ளைக்காரக் காப்டன் ஏணி போட்டு என்னய மேல கூப்பிடுவான் வே. குட்மார்னிங் மிஸ்டர் அய்யாக்குட்டிம்பான்" என்று குளிக்கும்போதும் பேசுவான்.

அந்த வாரமே அவன் அப்பா ஊரிலிருந்து வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கருப்பட்டி வாசனை.

"ஏலே, இந்தத் தடவையும் பரீட்சை நெறைஞ்சு போச்சுன்னா, பெட்டியக் கெட்டிக்கிட்டுக் கடைக்கு வந்துரு. அம்புட்டுத்தான் பேச்சு" என்றார்.

பரீட்சை நிறைந்து போக வேண்டும் என்று மகனை வாழ்த்துகிறார் போலும் என்று நினைத்து, "நன்னா நிறையட்டும் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அய்யாக்குட்டி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நிறைவது என்றால் அவர்கள் வீட்டுப் பாஷையில் கோட்டை விடுவது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆக, பாஸானால் கடல். இல்லாவிட்டால் சாத்தான்குளம். அங்கே தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் கிணற்றில் தலையை விட்டுத் தேட வேண்டும்.

அற்புதமணி மாஸ்டரின் காமர்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் சாயங்கால வகுப்பு. மாஸ்டர் சாயர்புரத்துக்காரர், சாதுவான மனிதர். ஆனால் இன்ஸ்டிட்யூட்டை மக்ரூன் போடுகிற பேக்கரிக்கு மேல்மாடியில் வைத்திருந்தார். இதைவிடக் கொடுமை உலகத்தில் உண்டா? முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்து வெந்து, அந்த வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே ஏறி நேரே மூளையில் உட்காரும். சீனிக்கு ரேஷன். மக்ரூன் எல்லாம் யாரோ பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போய்விடும். எங்களுக்கு வாசனையும் அக்கவுண்டன்சியும் மட்டுந்தான்.

நான் விதிகளை உருப்போடுகிறவன். பெருமாள் கோயில் கோஷ்டியில் சேவிக்கிற அதே ராகத்தில், "டெபிட் தி ரிஸீவர், கிரெடிட் தி கிவர்" என்று இழுத்துச் சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும். பேக்கரிக்காரர் ஒருநாள் மேலே ஏறி வந்து, "என்ன சாமி பூசை, பிரசாதம் உண்டுமா?" என்று கேட்டார். நாங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

அய்யாக்குட்டிக்கு உருப்போடுவது வராது. ஒவ்வொன்றையும் மாஸ்டரோடு சண்டை போட்டுத்தான் படிப்பான். டிப்ரிஸியேஷன் பாடம் வந்த அன்று பெரிய யுத்தம்.

"எங்கய்யா கடைத் தராசு எங்க தாத்தா காலத்துது சார். வருசா வருசம் தேய்மானம்னு கழிச்சா இன்னைக்குத் தராசே இருக்காதே. பொறவு காத்துலயா நிறுக்குதோம்?"

"தராசு இருக்கும் தம்பி. கணக்குலதான் இருக்காது."

"அப்பம் கணக்கு பொய்யா சார்?"

மாஸ்டர் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் மக்ரூன் வாசனை பிடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் குட்வில். "கடையோட நல்ல பேர சொத்துன்னு எழுதுதான் வெள்ளைக்காரன். சரி. கெட்ட பேரு இருந்தா அத எங்கன எழுத?" என்றான்.

"எதிர்ப்பக்கம். மொத்தமா உங்க பேருக்கு நேரா எழுதிக்கிடுங்க" என்று பின்பெஞ்சியிலிருந்து பதில் வந்தது. விக்டோரியா டீச்சர். கடற்கரைத் தெருவில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், எங்களைவிட மூத்தவள், நாக்கு சுறாமீன் பல் மாதிரி. எங்களோடு அவளும் அந்தப் பரீட்சைக்குப் படித்தாள். அவள் விடைத்தாளில் தப்புக் கண்டுபிடிக்க மாஸ்டர் பூதக்கண்ணாடி வாங்கியதாகக் கேள்வி.

பரீட்சை நெருங்கியதும் மாஸ்டர் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். பஞ்சு வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி. குடோன் தீப்பிடித்து எரிகிறது. இன்ஷூரன்ஸ் கிடையாது. மிச்சப் பஞ்சு மழையில் நனைகிறது. மானேஜர் கைப்பெட்டியோடு கம்பி நீட்டுகிறார். வருஷ முடிவில் லாப நஷ்டக் கணக்கு எழுத வேண்டும். எனக்கு நஷ்டம் வந்தது. விக்டோரியாவுக்கு அதைவிட அழகான, சரியான நஷ்டம் வந்தது. அய்யாக்குட்டிக்கு மட்டும் கொழுத்த லாபம்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். விக்டோரியா அவன் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, குடோனு எரிஞ்சிருச்சு. மானேஜரு ஓடிட்டான். உங்களுக்கு மட்டும் எங்கனருந்து லாபம் வந்துச்சு?"

"கேள்வித்தாள்ல பிழை டீச்சர். வருசக் கடைசியில மிஞ்சின சரக்குத் தொகையில ஒரு சைபர் விட்டுப்போச்சு. நான் சேத்துக்கிட்டேன்."

"கேள்வியவே திருத்தினீங்களா?"

"திருத்தாட்டா வேற மாதிரில்லா வருது."

"வேற மாதிரின்னா?"

"வேற மாதிரி."

"என்ன வருது, வாயத் தொறந்து சொல்லுங்க."

அய்யாக்குட்டி வாயை இறுக மூடிக்கொண்டான். காது இரண்டும் கொவ்வைப்பழம். மாஸ்டர் கேட்டார், நான் கேட்டேன், அவன் மூச்சு விடவில்லை. கடைசியில் விக்டோரியா, "இதுக்கு முந்தி ரெண்டு பரீட்சையிலயும் இதே சோலிதான் பாத்தீங்களா?" என்றதும் தலை மெல்ல ஆடியது.

பிறகு கதை வெளியே வந்தது. அவர்கள் கடையில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. சரக்குத் தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லமாட்டார்கள், நிறைந்திருக்கிறது என்பார்கள். படியில் அளக்கும்போது 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கமாட்டார்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார்கள். சின்ன வயதில் ஒருநாள், வியாபாரம் மும்முரமாக நடக்கும்போது, இவன் கல்லாவுக்கு முன்னால் நின்று, "அய்யா, நட்டம்னா என்னய்யா?" என்று கேட்டுவிட்டான். கடை அப்படியே உறைந்ததாம். நிறுத்துக்கொண்டிருந்த தராசு அந்தரத்தில் நின்றதாம். அப்பா இவனைத் தூக்கிக்கொண்டு போய் வாயில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைத்து, கடையைக் கழுவிவிட்டு, சாமிக்குச் சூடம் காட்டிய பிறகுதான் அடுத்த வியாபாரம்.

"அன்னையிலருந்து அது என் வாயிலயும் வராது, கையிலயும் வராது. கணக்கு அந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சாலே கை தானா எங்கயாவது போயித் திருத்திருது" என்றான் அய்யாக்குட்டி.

நான் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஒரு அடி நகர்ந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. "தம்பி, எக்ஸாமினர் கண்டிப்பா ஒரு நஷ்டக் கணக்கு வைப்பார். வருஷா வருஷம் வைக்கிறார். நீங்க இத எழுதிப் பழகணும்" என்றார்.

எழுதிப் பழக உட்காரவைத்தோம். இங்கிலீஷில் 'லாஸ்' என்று எழுதினால் போதும், நாலே எழுத்து. முதல் எழுத்து எல். அதை எழுதியதும் கை தானாக 'லாபம்' என்று தமிழுக்குத் தாவியது. இரண்டாம் தடவை நிப்பு முறிந்தது. மூன்றாம் தடவை மைப்புட்டி கவிழ்ந்து, பலகை இடுக்கில் ஒழுகி, கீழே ஒரு தட்டு மக்ரூன் நீலமானது. அந்தத் தட்டை எங்கள் தலையில் கட்டினார்கள். ஆகா, நீல மக்ரூன் போல ருசி எதிலும் இல்லை.

"எழுதறது இருக்கட்டும். மொதல்ல வாயால சொல்லட்டும். விடியக் காலையில கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, கடலைப் பாத்துக் கத்தச் சொல்லுங்க. கடல் போயி யாரு கிட்டயும் சொல்லாது" என்றாள் விக்டோரியா.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது நாங்கள் கடற்கரையில் நின்றோம். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "ந..." என்றான். நின்றது.

"இன்னும் கொஞ்சம், ஓய்."

"நட்... நட்... நடராசா."

"நடராஜாவைக் கூப்பிடவா இத்தனை தூரம் வந்தோம்? லாஞ்சை நினைச்சுக்கும் ஓய். காப்டன் ஏணி போட்டுண்டு காத்திண்டிருக்கான்."

லாஞ்சு என்றதும் அவனுக்கு ஒரு வேகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சாயர்புரத்திலிருந்து மணியாச்சி வரைக்கும் கேட்கிற மாதிரி, "நட்டம், நட்டம், நட்டம்" என்று கூவினான். ஊறுகாய்ப் பானை வெடித்தது போல அத்தனை வருஷத்துச் சரக்கும் வெளியே கொட்டியது.

நாங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளுக்கு அந்தப்புறம், சங்கு குளிக்கப் போகிற வள்ளங்கள் வரிசையாக நின்றன. குளிகாரர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, அப்போதுதான் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளத் தோள் கொடுத்திருந்தார்கள்.

"எவம்ல அது, தொழிலுக்கு எறங்குத நேரத்துல" என்று ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்கு முன்னால் துடுப்புகள் வந்தன.

ஓடினோம். என் வேட்டி ஒரு திசையில் ஓடியது, நான் ஒரு திசையில் ஓடினேன். மணலில் ஓடுவதற்கு ஒரு போட்டி வைத்திருந்தால் அன்றைக்கு எங்களுக்குத்தான் தங்கக் கோப்பை. கயத்தாற்றைத் தாண்டித்தான் நின்றிருப்போம். நடுவில் ஒரு வலை கிடந்து அய்யாக்குட்டியின் காலைப் பிடித்துவிட்டது. அவன் விழுந்தான், அவன் மேல் நான் விழுந்தேன், எங்கள் மேல் நிழல்கள் விழுந்தன.

வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டி முன்னால் வந்தார். கதவு அகலத்துக்கு மார்பு. "யாரு ஏவி விட்டா? உள்ளதச் சொல்லு" என்றார்.

"விக்டோரியா டீச்சர்தான் சொன்னாங்க" என்று அய்யாக்குட்டி உளறினான்.

சம்மாட்டி துடுப்பை இறக்கினார். "எவ, எங்க அக்கா மகளா?" என்றார். கூட்டத்தில் ஒருவன் கனைத்தான். அந்த நாக்குக்கு அந்தக் கரையில் எத்தனை மரியாதை என்று அப்போதுதான் தெரிந்தது. எங்களை அடித்துவிட்டு அவளுக்கு யார் பதில் சொல்லுவது?

ஆனாலும் தோஷம் தோஷந்தானே. சம்மாட்டி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லு. வள்ளத்துக்கு வள்ளம் முன்னால நின்னு, நல்ல சொல்லாச் சொல்லு."

அது அய்யாக்குட்டிக்கு அல்வா. ஒவ்வொரு வள்ளத்துக்கும் முன்னால் போய் நின்று, கும்பிட்டு, "லாபம், லாபம்" என்று பாடினான். வள்ளங்கள் போயின. சாயங்காலம் அவை திரும்பி வந்தபோது சங்கு குவிந்து, கரையே வெள்ளையாகக் கிடந்தது. அதில் ஒரு வலம்புரிகூட இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அவ்வளவுதான். மறுநாள் விடியும் முன் எங்கள் அறைக் கதவு தட்டப்பட்டது. "லாபம் அண்ணாச்சி இருக்காகளா?" அதற்கு மறுநாளும் தட்டினார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போய் லாபம் சொல்லவைத்து, கருவாடு கொடுத்து அனுப்பினார்கள். நஷ்டத்தை ஒருநாள் சொன்னவன், லாபத்தை ஓராயிரம் தடவை சொல்லிவிட்டான்.

விக்டோரியா கையை உதறினாள். "நோய்க்கு மருந்து திங்க அனுப்புனா, நோய்க்குச் சோறு ஊட்டிக்கிட்டு வாரீங்களே. நாளைக்கு அந்தக் கணக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"டீச்சர், நாளைக்கு ஒருவேள லாபமா வந்தாலும் வரும்லா" என்றான் அய்யாக்குட்டி. அவன் முகத்தில் அரிசி வைத்தால் பொரிந்திருக்கும். அத்தனை சூடு, அத்தனை பயம்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வாசலில் வன்னியபெருமாள் அண்ணாச்சி கட்டுச்சோற்று மூட்டையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மகனின் பெட்டியைத் தூக்கிப்போக ஒரு வண்டியும் பேசி வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு மாடு என்னைப் பார்த்து அசை போட்டது.

எனக்குப் பக்கத்து வரிசையில் அய்யாக்குட்டி. கேள்விகளை வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துத் தள்ளினான். கடைசிக் கேள்வி: பிரவுன் அண்டு ஒயிட் என்ற கம்பெனி. நான் பாதி போடும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. பிரவுனும் ஒயிட்டும் தெருவில் நிற்கிறார்கள். நஷ்டம், சந்தேகமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அய்யாக்குட்டி விடையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு சொல் மட்டும் பாக்கி. பேனா மிஞ்சின சரக்குத் தொகையின் பக்கம் மெல்ல நகர்ந்தது. அங்கே ஒரு சைபர் போட்டால் போதும், பிரவுன் பணக்காரன். பேனா அந்த இடத்துக்கு மேல் வந்து, பருந்து மாதிரி வட்டமிட்டது. ஜன்னல் வழியாக எங்கிருந்தோ லாஞ்சு எஞ்சின் சத்தம் கேட்டது. எங்கள் லாஞ்சா, வேறா, யார் கண்டது. பேனா நின்றது.

பிறகு அவன் செய்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பேனாவை வலது கையிலிருந்து எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டான். முகத்தை மறுபக்கம் திருப்பினான். கண்ணை இறுக மூடினான். எழுதிவிட்டான். 'நெட் லாஸ்.' நண்டு நடந்த மாதிரி எழுத்து. எனக்கு எழுந்து நின்று ஆட வேண்டும் போலிருந்தது.

மணி அடித்தது. தாள்களை வாங்கிக்கொண்டு வந்த மேற்பார்வையாளர் அய்யாக்குட்டியின் தாளைப் புரட்டினார். நின்றார். கண்ணாடியை உயர்த்தினார். தாளை எடுத்துக்கொண்டு நேரே சூப்பரின்டெண்டெண்டிடம் போனார்.

சூப்பரின்டெண்டெண்டு ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட கோட்டு அவரைப் போட்டுக்கொண்டிருந்தது. "மிஸ்டர், தாள் முழுக்க முத்து முத்தாக ஒரு கையெழுத்து. இந்த ஒரு வார்த்தை மட்டும் வேறு கையெழுத்து. யார் எழுதிக் கொடுத்தது?" என்றார்.

"நான்தான் சார். எடது கையால."

"எதற்கு?"

அய்யாக்குட்டி சொன்னான். அவர் நம்பவில்லை. எந்தப் புத்தியுள்ள மனிதன் நம்புவான்? எங்கே, இன்னொரு தடவை இடது கையால் எழுது என்றார். முதலில் வந்தது நண்டு என்றால் இப்போது தேள் வந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"இரண்டு கையெழுத்து இருந்தால் தாளை ரத்து செய்யவேண்டும். அதுதான் சட்டம்" என்று சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

நான் பார்த்தேன் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்தவன் தாளை நீ ஏன் பார்த்தாய் என்று என் தாளும் சேர்ந்து போகுமே. வாயை மூடினேன். மூடிய வேகத்தில் ஒரு யோசனை வந்தது. வாசலுக்குப் பாய்ந்தேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள வரணும். ஒரு பெரிய மனுஷர் கேக்கறதுக்கு உள்ளபடி பதில் சொல்லணும்."

"என்ன சாமி, பிள்ளைக்கு மயக்கமா?"

"இல்லை. வியாபார விஷயம்."

வியாபாரம் என்றதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இவர்தான் அவன் அப்பா, இவர் வாயில் அந்தச் சொல் வருகிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள் சார் என்று சூப்பரின்டெண்டெண்டின் காதில் போட்டேன். மகன் சொல்லிக் கொடுத்துவிடுவானோ என்று அய்யாக்குட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சூப்பரின்டெண்டெண்டு அவரை எதிரே நிற்கவைத்தார்.

"ஒரு கடை. சரக்கு வாங்கினது அதிகம், விற்றது குறைச்சல். வருஷக் கடைசியில் என்ன வரும்?"

"லாபம் வரும் சார்."

"எப்படி வரும்?"

"கொஞ்சம் மெலிஞ்சு வரும்."

"போட்ட முதலே போய்விட்டது. இப்போது?"

"அப்பம் அது வரப்போற லாபம்."

"கடையே தீப்பிடித்து..."

"சார்" என்று அண்ணாச்சி கையை உயர்த்தினார். "பச்சப்பிள்ளைக பரீட்சை எழுதுத எடம். என்ன பேச்சு பேசுதீக."

சூப்பரின்டெண்டெண்டு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். "சரி அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. லாபத்துக்கு மறுபக்கம் இருக்கிறது என்ன?"

"லாபத்துக்கு அடுத்தாப்ல ரெண்டு."

மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது. சூப்பரின்டெண்டெண்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜையில் நகர்த்தினார். "வாயால் சொல்ல வேண்டாம். எந்தச் சொல்லைக் கேட்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் பையன் தாளை நான் அனுப்புவதா, இங்கேயே நிறுத்துவதா என்று பார்க்க வேண்டும்."

அண்ணாச்சி மகனைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. நான் கூட்டிவந்த ஆள் யார்? இந்தத் தாள் நின்றுபோனால், பெட்டியைக் கட்டி, வண்டியில் ஏற்றி, மகனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவர். பேனாவைத் தொடாமல் இருந்தால் போதும், கேட்டது கிடைத்துவிடும். எதிராளியின் வக்கீலைப் போய் நானே கையைப் பிடித்து அழைத்துவந்திருக்கிறேன்.

அய்யாக்குட்டி அப்பாவைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் கடல்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேனாவை வலது கையால் எடுத்தார். பிறகு, தெருவில் போகும்போது சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி வெகு இயல்பாக, அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முகம் மறுபக்கம் திரும்பியது. கண்கள் மூடின. நண்டு ஒன்று தாளில் நடந்துபோனது.

சூப்பரின்டெண்டெண்டு அந்தக் காகிதத்தைப் பார்த்தார், அப்பாவின் இடது கையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சிவப்புப் பென்சிலை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"தாளைக் கட்டில் சேருங்கள்" என்றார் மேற்பார்வையாளரிடம். "இரண்டும் ஒரே ஆள் எழுதினதுதான். எனக்குச் சந்தேகம் இல்லை."

வேப்பமரத்தடிக்கு வந்ததும் அண்ணாச்சி குனிந்து மண்ணை அள்ளி இடது கையைத் தேய்த்துக் கழுவினார். அய்யாக்குட்டிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அய்யா, நீங்களும் எடக்கையாலயா எழுதுவீக?"

"பொறவு? சோறு திங்குத கையாலயா எழுதுவாக? போ, போ, சோத்தத் தின்னு" என்றார். மூட்டையை அவிழ்த்து எனக்கும் ஒரு பங்கு வைத்தார். எலுமிச்சைச் சோறு. விக்டோரியா வந்து கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில், புளியமரமாக இருந்திருந்தால் அத்தனை பழமும் உதிர்ந்திருக்கும். வேப்பமரமானதால் வெறும் இலைதான்.

ரிஸல்ட் வந்தது. விக்டோரியா முதல் வகுப்பு. நான் தரையைத் தொட்டுக்கொண்டு தாண்டினேன். அய்யாக்குட்டி பாஸ், நல்ல மார்க். அவன் என்னைத் தூக்கிக்கொண்டு பீச் ரோடு முழுக்க ஓடினான். அந்தப் பாரத்தைத் தூக்க இன்றைக்குக் கிரேன் வேண்டும். ராஜதுரை சொன்ன சொல் மாறவில்லை. நாற்காலியைக் கொடுத்தார், லாஞ்சையும் கொடுத்தார்.

முதல் கப்பல் வந்த அன்று அண்ணாச்சியும் கரைக்கு வந்திருந்தார். அய்யாக்குட்டி புதுக் கோட்டு, கக்கத்தில் காகிதக் கட்டு, தலையில் இருந்த எண்ணெய் போதும் ஒரு விளக்கெரிக்க. லாஞ்சு கிளம்பியது. கையை ஆட்டினான். நாங்களும் ஆட்டினோம். கொந்தளிப்பான நாள். முதல் அலையில் கை கீழே இறங்கியது. இரண்டாவது அலையில் தலை லாஞ்சின் ஓரத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கப்பல் போய்ச் சேரும் வரைக்கும் அந்தத் தலை உள்ளே போகவே இல்லை. அந்த வருஷம் தூத்துக்குடி மீன் எல்லாம் கொழுத்திருந்ததற்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் லாஞ்சு திரும்பியது. இரண்டு கலாசிகள் அவனைக் கரையில் நட்டு வைத்தார்கள். முகம் கத்தரி இலை நிறம். காகிதக் கட்டு மட்டும் நனையவில்லை, எல்லாவற்றிலும் காப்டன் கையெழுத்து.

அண்ணாச்சி துண்டால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு மெதுவாக, "ஏலே, கடையில கல்லாப்பெட்டி ஆடாது. அசையாம ஒரே எடத்துல இருக்கும். வாரியா?" என்றார்.

அய்யாக்குட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். கண் இன்னும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆனால் வாய் காதுவரை விரிந்திருந்தது.

"காப்டன் ஏணி போட்டாம்யா" என்றான். "அடுத்த கப்பல் புதன்கிழமை."